கறிவேப்பிலைப் பூச்சியும் விறகுக் காளானும்

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டா? மழையில் நனைந்து கிடக்கும் பழைய மாங்கட்டை ஒன்றும் உண்டா? இரண்டும் இருந்தால், இக்கட்டுரையில் வரும் இரண்டு உயிர்களையும் பார்க்க நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஒன்று, கறிவேப்பிலையைச் சுற்றி வட்டமிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி. அதன் பின் இறக்கைகளில் சிறு வால் நீட்டிக்கொண்டிருக்கும். விஞ்ஞானப் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ். ஆங்கிலத்தில் 'காமன் மார்மன்' என்பார்கள். தமிழில் 'கறிவேப்பிலை அழகி' என்ற பொருத்தமான பெயர் இப்போது வழங்கி வருகிறது. அதன் புழு தின்று வளர்வது கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் இலைகளை அல்லவா!

மற்றொன்று, மாங்கட்டையின் பட்டைமேல் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும் சாம்பல் கலந்த வெள்ளைக் காளான். சிறு விசிறி போன்ற வடிவம். காம்பு கிடையாது என்றே சொல்லலாம். மேற்புறம் மெல்லிய மயிர் போர்த்தியிருக்கும். ஷைசோஃபில்லம் கம்யூன் என்பது இதன் பெயர். காளான் குடையின் அடியில், மீனின் செவுளைப்போல் மெல்லிய தகடுகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் காளானில் அச்செவுள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஆகவே இதைப் 'பிளவுச்செவுள் காளான்' என்று நாம் அழைப்போம். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது வாழ்கிறது.

பறக்கும் பூச்சிக்கும் கட்டையில் ஒட்டிக் கிடக்கும் காளானுக்கும் என்ன ஒப்பு என்று நீங்கள் கேட்கலாம். முதலாவதில், ஒரே இனத்துப் பெண்கள் மூன்று வெவ்வேறு இனங்களைப் போலத் தோன்றுகின்றன. இரண்டாவதில், அச்சில் வார்த்தவை போல் ஒன்றாகத் தோன்றுபவை ஆயிரக்கணக்கான வகைகளாகப் பிரிந்திருக்கின்றன. இரண்டிலும் நம் கண் ஏமாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டு வேறுபாடுகளையும் வளர்த்துவிட்ட காரணம் ஒன்றே. அதைக் கண்டுபிடிக்க நாம் முதலில் பூச்சியின் பின்னால் போவோம்.

ஒரு பூச்சிக்கு மூன்று பெயர்

உயிர்களுக்கு இரண்டு சொற்களால் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். அவர் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பாலிடெஸ் என்று ஒரு பூச்சிக்கும், பம்மோன் என்று வேறொரு பூச்சிக்கும் பெயர் வைத்தார். பின்னாளில்தான் தெரிந்தது, முன்னது பெண், பின்னது அதே இனத்தின் ஆண் என்று! போதாக்குறைக்கு, இன்னொரு வடிவப் பெண்ணுக்கு வேறொருவர் ரோமுலஸ் என்று மூன்றாவது பெயர் சூட்டினார். ஒரு குடும்பம் மூன்று இனங்களாகப் பதிவாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். குண்டூசியில் குத்தி உலர்த்திய பூச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களும் நானும்கூட அப்படித்தான் செய்திருப்போம்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக விளக்கியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 முதல் 1862 வரை மலேயத் தீவுகளில் அலைந்து திரிந்து உயிரினங்களைச் சேகரித்தவர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தாமாகக் கண்டறிந்தவர். 1865-இல் வெளிவந்த தம் கட்டுரையில், ஒரே இனத்தில் ஒரு வகை ஆணும் பல வகைப் பெண்களும் இருக்க முடியும் என்பதற்கு இந்தப் பூச்சியையும் எடுத்துக்காட்டாக வைத்தார்.

பெண்ணின் மூன்று வடிவங்கள் எவை? முதல் வடிவம் ஆணைப் போலவே இருக்கும்: கறுப்பு உடை, பின் இறக்கையின் குறுக்கே வெண்புள்ளிகளாலான ஒரு பட்டை. இதற்குச் சைரஸ் என்று பெயர். இரண்டாவது வடிவம் ஸ்டிகியஸ். பின் இறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மூன்றாவது ரோமுலஸ். முன் இறக்கையில் வெண்பட்டைகள், பின் இறக்கையில் சிவப்புப் பொட்டுகள். மூன்றும் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்துகூட வரலாம். 

கள்ளநோட்டுக் கணக்கு

ஸ்டிகியஸ் வடிவம் 'காமன் ரோஸ்' என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல். ரோமுலஸ் வடிவம் 'கிரிம்சன் ரோஸ்' என்ற பூச்சியின் சாயல். இந்த இரண்டு ரோஸ் பூச்சிகளின் புழுக்களும் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளைத் தின்று வளர்பவை. ஆடுகூடத் தின்னாத அந்தச் செடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, பிறகு வண்ணத்துப்பூச்சியிலும் தங்கிவிடுகிறது. ஒரு முறை தின்று பார்த்த பறவை மறுமுறை அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் கண்டால் விலகிப் போய்விடும். கறிவேப்பிலை அழகிக்கோ அப்படிப்பட்ட நஞ்சு இல்லை. பறவைக்கு அது நல்ல தீனி. ஆகவே நஞ்சுள்ளவளின் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பிக்கிறது. இப்படிப்பட்ட ஒப்புமை வேடத்தை அமேசான் காடுகளில் ஆராய்ந்து 1862-இல் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 

இதற்கு ஒரு நல்ல சான்று தேசப்படத்தில் இருக்கிறது. கிரிம்சன் ரோஸ் பூச்சி இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. கறிவேப்பிலை அழகியோ தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியிருக்கிறது. ஆனால் ரோமுலஸ் வடிவத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் தேடினால் கிடைக்காது. அசல் இல்லாத ஊரில் நகலுக்கு என்ன வேலை?

சரி, வேடம் அவ்வளவு நல்லதென்றால் எல்லாப் பெண்களும் ஏன் வேடம் போடவில்லை? சைரஸ் வடிவம் ஏன் அழிந்து போகவில்லை? இதுதான் கட்டுரையின் நடுநாயகமான கேள்வி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஓர் ஊர்ச் சந்தையில் நூறு நோட்டுகளில் ஒன்று கள்ளநோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அது செலாவணியாகிவிடும். நூறில் ஐம்பது கள்ளநோட்டு என்றால்? வாங்குபவர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பறவையும் அப்படியே. தோட்டத்தில் நஞ்சுள்ள ரோஸ் பூச்சிகள் நிறைய இருந்து, வேடதாரிகள் சிலவே இருந்தால், பறவை சிவப்பைக் கண்டு அஞ்சும். வேடதாரிகள் பெருகிவிட்டால், முதன்முதலில் பிடித்துத் தின்னும் 'ரோஸ்' ருசியாகவே இருக்கும். 'இது நல்ல தீனி' என்று பறவை கற்றுக்கொள்ளும். அப்போது வேடமே வினையாகிவிடும். 

ஆக, ஒரு வேடம் அரிதாக இருக்கும்வரைதான் ஆதாயம். ஒன்று பெருகினால் அதன் ஆதாயம் குறையும். அதனால் மற்றொன்று தழைக்கும். அதனால்தான் எதுவும் முற்றிலும் வெல்லாமல், எதுவும் முற்றிலும் தோற்காமல் பல வடிவங்கள் கூடவே வாழ்கின்றன. அரிதாய் இருப்பதன் ஆதாயம் என்ற இந்தச் சொற்றொடரை மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காளானிடம் போகும்போது தேவைப்படும்.

அதற்குமுன் ஓர் உபாயம் சொல்கிறேன். தோட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பூச்சி வந்தால் அது அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறக்கையைப் பார்க்காதீர்கள், உடலைப் பாருங்கள். அசல் ரோஸ் பூச்சிகளின் உடலில் சிவப்பு இருக்கும். வேடதாரியின் உடல் கறுப்பு. சேலையை மாற்றியவள் உடலின் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

அப்பா கொடுத்த சேலை

இந்தச் சேலைகள் எப்படிப் பரம்பரையாக வருகின்றன? இதை முறையாகச் சோதித்தவர் ஃப்ரையர் என்ற ஆங்கிலேயர். இலங்கையில் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எத்தனை வகைப் பெண்கள் பிறந்தன என்று எண்ணி, 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். மெண்டலின் பட்டாணிக் கணக்கைப் போலவே இங்கும் கணக்கு அமைந்தது. வியப்பு என்னவென்றால், எப்போதும் ஒரே கறுப்பு உடையில் திரியும் ஆணும் வேடத்துக்கான ஜீனைச் சுமந்து செல்கிறது. தான் உடுத்தாத சேலையைத் தன் பெண்ணுக்குக் கொடுக்கிறது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் சிரில் கிளார்க், ஃபிலிப் ஷெப்பர்ட் என்ற இருவர் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து 1972-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். கிளார்க் ஒரு மருத்துவர். வண்ணத்துப்பூச்சி அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில் கற்ற பரம்பரைக் கணக்கே மனித இரத்தத்தின் ஆர்.எச். பிரிவின் பக்கம் அவரைத் திருப்பியது. தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் ஒவ்வாமல் குழந்தைகள் இறப்பதைத் தடுக்கும் ஊசிமருந்து முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பூச்சி பிடித்துக்கொண்டு திரிகிறாயே என்று உங்களை யாராவது ஏசினால் கிளார்க்கின் கதையைச் சொல்லுங்கள்!

2014-ஆம் ஆண்டில் மர்மம் பெருமளவு விலகியது. பெங்களூர் தேசிய உயிரியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குந்தேயும் அவருடன் உழைத்த விஞ்ஞானிகளும் வேடத்தைத் தீர்மானிக்கும் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டபுள்செக்ஸ். இது புதிய ஜீன் அன்று. பூச்சிகளின் உடல் ஆணாக வளர வேண்டுமா, பெண்ணாக வளர வேண்டுமா என்பதை நடத்திவைக்கும் பழைய ஜீன். கறிவேப்பிலை அழகியில் அதே ஜீன் பெண்ணின் இறக்கை வண்ணத்தையும் தீர்மானிக்கும் வேலையைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் வேடம் பெண்ணில் மட்டும் வெளிப்படுகிறது. 

இன்னொன்றும் தெரிந்தது. வேடமுள்ள வடிவத்தில், குரோமோசோமின் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. இதனால் என்ன பயன்? தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம்கள் அடுத்த தலைமுறைக்குப் போகுமுன் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் அல்லவா? சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல. தலைகீழாகத் திரும்பிய துண்டு தன் எதிர்த்துண்டோடு சரியாகப் பொருந்தாது, ஆகவே கலையாது. அப்படியே ஒரு மூட்டையாகப் பிள்ளைகளுக்குப் போகும். பாதி ரோஸ், பாதி மார்மன் என்று ஒரு பூச்சி பிறந்தால் அது எந்தப் பறவையையும் ஏமாற்றாது. கலப்பு வேடம் பயனற்றது. எனவே இங்கே சீட்டுக்கட்டுக்குப் பூட்டுப் போடப்பட்டிருக்கிறது.

இனிக் கட்டைக்கு வருவோம்

காளானைத் தாவரம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பழைய பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. ஆனால் காளானுக்குப் பச்சையம் இல்லை. மற்றவற்றைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். அதன் உயிரணுச் சுவரில் இருக்கும் பொருள் கைட்டின். வண்ணத்துப்பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் ஓட்டிலும் அதே கைட்டின்தான். காளான்களும் விலங்குகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்பதற்கு மூலக்கூறு ஒப்பீட்டின் மூலம் சான்றுகள் 1993-இல் வெளிவந்தன. பின்வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்தின. அதாவது கட்டையிலுள்ள காளான், தான் தின்னும் மரத்தைவிட, மேலே பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கே நெருங்கிய சொந்தம்! சொந்தம் என்றால் ஏதோ அத்தை மகன் என்று எண்ணிவிடாதீர்கள். இரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாம் காண்கிற விசிறி, காளானின் கனி போன்ற உறுப்பு மட்டுமே. உண்மையான உடல் கட்டைக்குள் நூலைவிட மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கிறது. விசிறியின் செவுளிலிருந்து ஸ்போர் என்னும் நுண்வித்துகள் காற்றில் மிதந்து சென்று வேறொரு கட்டையில் விழும். முளைத்து இழையாக நீளும். இந்த இழையின் ஒவ்வோர் உயிரணுவிலும் உட்கரு ஒன்றுதான். இந்த நிலையில் அது சாதாரணமாக விசிறி விடாது. இன்னொரு ஸ்போரிலிருந்து வந்த தக்க இழை ஒன்றைச் சந்திக்க வேண்டும்.

இங்கேதான் காளானின் சங்கடம் தொடங்குகிறது. வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை உண்டு, கண் உண்டு. துணையைத் தேடிப் பறக்கலாம். இழைக்கோ காலும் இல்லை, கண்ணும் இல்லை. விழுந்த கட்டையே அதன் உலகம். அந்தக் கட்டையில் தற்செயலாக எந்த இழை எதிர்ப்படுகிறதோ, அதுதான் வாய்ப்பு. எதிர்ப்பட்டது 'தன் வகை'யாக இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று.

இருபத்து மூவாயிரம் வகை

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் உயிரினத்தில் இரண்டே வகைகள், இரண்டும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன என்போம். வழியில் எதிர்ப்படும் ஒன்று எனக்கு ஏற்றதாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இரண்டில் ஒன்று, அதாவது 50 விழுக்காடு. மூன்று வகை இருந்தால், என் வகை தவிர மற்ற இரண்டும் ஏற்றவை. வாய்ப்பு மூன்றில் இரண்டு. பத்து வகை இருந்தால் பத்தில் ஒன்பது. துணை கிடைப்பதற்கு 'இரண்டு' என்பதே மிக மோசமான எண் என்று இதிலிருந்து தெரிகிறது! எல்லாம் ஒரே வகையாக இருந்து, எதுவும் எதனோடும் சேரலாம் என்றிருந்தால் இந்தத் தொல்லையே இல்லைதான். ஆனால் அப்போது ஒரே விசிறியிலிருந்து வந்த உடன்பிறப்புகளே தங்களுக்குள் சேர்ந்துவிடும். புதுமைக்கு இடம் குறையும்.

பிளவுச்செவுள் காளான் இந்த இரு தொல்லைகளையும் ஒரே ஏற்பாட்டில் தீர்த்துக்கொண்டது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் க்னீப் 1920-இல் இதன் அடிப்படையைக் கண்டார். பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ரேப்பரும் அவருடைய குழுவினரும், உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த காளான்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து 1958-இல் வகைகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டார்கள்.

ஏற்பாடு இதுதான். ஒவ்வோர் இழையிலும் ஏ, பி என்று இரண்டு 'அடையாளக் கூறுகள்' உள்ளன. இரண்டு இழைகள் முழுமையாக இணைய வேண்டுமானால் ஏயும் வேறாக இருக்க வேண்டும், பியும் வேறாக இருக்க வேண்டும். ஒன்று வேறாகி மற்றது ஒன்றாக இருந்தால் போதாது. ஏ என்பது உண்மையில் இரண்டு உறுப்புகள் கொண்டது. முதல் உறுப்பில் 9 வகை, இரண்டாவதில் 32 வகை இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 288. பிக்கும் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் 9 வகை. பெருக்கினால் 81. இப்போது 288-ஐ 81-ஆல் பெருக்குங்கள். 23,328!

இவற்றை '23,328 பால்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். பத்திரிகைத் தலைப்புக்கு அது நன்றாக இருக்கலாம்; எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ஆண், பெண் என்று நாம் பிரிப்பது அணுவின் அளவை வைத்து. பெரிய முட்டையைத் தருவது பெண். சிறிய விந்தணுவைத் தருவது ஆண். காளான் இழைகளில் அப்படிப் பெரிது சிறிது கிடையாது. எனவே 'இணைவகை' என்று சொல்வதே சரி.

இந்த எண்களால் கிடைக்கும் வாய்ப்பைப் பாருங்கள். எல்லா வகைகளும் சம அளவில் இருப்பதாகக் கொண்டால், எங்கிருந்தோ வந்த அந்நியன் ஏயில் வேறுபடும் வாய்ப்பு 288-இல் 287. பியில் வேறுபடும் வாய்ப்பு 81-இல் 80. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 98 விழுக்காடு. எதிர்ப்படும் எந்த அந்நியனும் பெரும்பாலும் ஏற்றவன். உடன்பிறப்புகள் கதை வேறு. ஒரு விசிறிக்கு இரண்டு பெற்றோர். ஆகவே அதன் ஸ்போர்களில் பொதுவாக நான்கு வகைகளே இருக்கும். தாள் எடுத்து எழுதிப் பாருங்கள்: ஒவ்வொரு வகைக்கும் அந்த நான்கில் ஒன்று மட்டுமே ஏயிலும் பியிலும் வேறுபடும். வாய்ப்பு 25 விழுக்காடு. அந்நியருக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. உடன்பிறப்புக்குக் கால்வாசிதான் திறந்திருக்கிறது.

இவ்வளவு வகைகள் எப்படித் தோன்றின? மனத்தில் போட்ட முடிச்சை இப்போது அவிழுங்கள். மரபு மாற்றத்தால் புதிதாக ஓர் இணைவகை தோன்றுகிறது என்போம். காட்டில் அதைப்போல் வேறொன்று இல்லை. எனவே எதிர்ப்படும் ஏறத்தாழ எல்லா இழைகளும் அதற்கு ஏற்ற துணை. அதற்குச் சந்ததி பெருகும். பெருகப் பெருக, தன் வகையையே சந்திக்கும் நேரமும் கூடும். ஆதாயம் குறைந்து மற்றவற்றோடு சமமாகும். மீண்டும் ஒரு புதுவகை தோன்றினால் மீண்டும் அதே கதை. அரிதாய் இருப்பதன் ஆதாயம்! தோட்டத்தில் பறவையின் அலகு செய்த வேலையை, கட்டைக்குள் துணையின் பஞ்சம் செய்திருக்கிறது. 

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு. பூச்சி தன் சீட்டுக்கட்டைப் பூட்டி வைத்தது என்று பார்த்தோம். காளானோ தன் சீட்டுகளைக் கலைக்கிறது. ஏயின் இரண்டு உறுப்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து புதிய இணைகளாக மாறலாம். அப்படி மாறினால் புதிய ஏ பிறக்கிறது. வேடத்தில் கலப்பு வந்தால் வேடம் கெடும்; அடையாளத்தில் கலப்பு வந்தால் இன்னோர் அரிய அடையாளம் கிடைக்கும். பூட்டியது பூச்சிக்கு லாபம், கலைத்தது காளானுக்கு லாபம்.

அப்படியானால் வண்ணத்துப்பூச்சியில் மட்டும் ஏன் இரண்டே பால்? அங்கே முட்டை, விந்து என்று அளவுப் பிரிவினை வந்துவிட்டது. ஒன்று உணவைச் சேமித்துப் பெரிதாகிறது. மற்றது சிறிதாகி எண்ணிக்கையில் பெருகுகிறது. நடுத்தர அளவில் மூன்றாவது ஒன்று வந்தால் இரண்டு வேலையிலும் அது பின்தங்கிவிடும். இரண்டு என்ற மோசமான எண்ணின் நஷ்டத்தைப் பூச்சி தன் கண்ணாலும் இறக்கையாலும் ஈடுசெய்துகொள்கிறது.

கண்ணில்லாத இழை அறிவது எப்படி?

இழைகள் சந்தித்ததும் முதலில் சுவர் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வகை எதுவாயினும் இது நடக்கும். ஒட்டிய பின்புதான் 'நீ யார்?' என்ற விசாரணை. பி கூறு ஒரு சிறு புரதத் தூதையும், தூதை வாங்கும் ஏற்பியையும் உண்டாக்குகிறது. தன் ஏற்பி தன் தூதுக்கு அசையாது. வேற்று வகையின் தூது வந்தால்தான் அசையும். அசைந்ததும் வேடிக்கையைப் பாருங்கள்: ஒருவரின் உட்கரு மற்றவரின் இழைக்குள் நுழைந்து, இழை வளரும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் அறை அறையாக ஓடுகிறது. இரு தரப்பும் கொடுக்கின்றன; இரு தரப்பும் வாங்குகின்றன. பிறகு ஏ கூறின் முறை. அது உண்டாக்கும் இரண்டு வகைப் புரதங்களில் ஒன்று இவரிடமிருந்தும் மற்றொன்று அவரிடமிருந்தும் வந்து கைகோத்தால்தான், இரட்டை உட்கரு வாழ்க்கைக்கான ஜீன்கள் விழிக்கும். 

அதன்பின் ஒவ்வோர் அறையிலும் இரண்டு உட்கருக்கள் அருகருகே வாழ்கின்றன, ஆனால் கலப்பதில்லை. கட்டைக்குள் நெடுங்காலம் இப்படியே போகலாம். மழை பெய்து விசிறி வெளியே வந்து, செவுளில் ஸ்போர் உண்டாகும் உயிரணுவில்தான் இரண்டும் ஒன்றாகின்றன. உடனே பிரிந்து நான்கு ஸ்போர்களாகின்றன. வண்ணத்துப்பூச்சியில் விந்து முட்டைக்குள் நுழைந்ததும் நடந்துவிடுகிற இணைவு, இங்கே வாழ்நாளின் கடைசிக் கட்டம்வரை ஒத்திப்போடப்படுகிறது.

நீங்களே பார்க்கலாம்

கறிவேப்பிலை அழகி முட்டையிலிருந்து இறக்கை விரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இளம் புழு பறவை எச்சம்போல் இருக்கும்; வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பயப்பட வேண்டாம், அது கடிக்காது. வளர்த்துப் பார்த்து, பிறக்கும் பெண்கள் எந்தச் சேலையில் வருகின்றன என்று குறித்து வையுங்கள்.

காளானுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். கோடையில் காய்ந்த விசிறி ஒன்றை எடுத்து அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். செவுளின் இரு பிளவுகளும் வெளிப்புறமாகச் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பை மூடியிருக்கும். தண்ணீர் தெளித்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்து விரியும். கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் புல்லர், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காய்ந்த பிளவுச்செவுள் காளான்களைக் காற்று நீக்கிய கண்ணாடிக்குழாய்களில் அடைத்து வைத்தார். சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 1960-களில் குழாயைத் திறந்து நனைத்தபோது அவை செவுள் விரித்து ஸ்போர்களை உதிர்த்தன! அடைத்து வைத்தவர் அப்போது உயிரோடு இல்லை.

மணிப்பூரில் இக்காளானைச் சமைத்து உண்பதுண்டு. ஆனால் கட்டையில் காண்கிற காளானையெல்லாம் வாயில் போட்டுவிடாதீர்கள். அடையாளம் தெரிந்தவர்களுக்கே அது விளையாட்டு. அருகில் முகர்ந்தும் பார்க்க வேண்டாம். அரிதாக, உடல் நலிந்தவர்களின் மூக்கிலும் நுரையீரலிலும் இது வளர்ந்து நோய் தந்திருக்கிறது. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். நனைந்த விசிறியைச் செவுள் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு கறுப்புத் தாளின்மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் தாளில் மெல்லிய வெண்பொடி கோடு கோடாகப் படிந்திருக்கும். அந்தப் பொடியில் நான்கு இணைவகைகள் கலந்து கிடக்கின்றன. எது எந்த வகை என்று எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. ஒன்றின் அருகில் இன்னொன்றை முளைக்க விட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.